நிஜ வண்டியும் ஜாலி வண்டியும்

கார் ரேஸ் வீடியோ கேம் கடை வைத்திருப்பவன் நாள் முழுக்க விபத்துகளைப் பார்த்தே பிழைப்பவன். கடை வைத்துக் காலம் தள்ளும் சக பாவிகளுக்கு என் கஷ்டம் புரியும். நமக்குப் பிடித்ததை ஆசையாக வாங்கி வைப்போம். வருகிறவர்கள் மற்றதைக் கேட்பார்கள். அந்த எரிச்சலிலேயே எனக்கு முதல் வருஷம் போனது.

அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு நூல் கடையின் மாடியில் இருக்கிறது நம்ம கடை. ஒரு இருக்கையில் ஸ்டீயரிங், கியர், மூன்று பெடல் எல்லாம் உண்டு. அதில் ஓடும் விளையாட்டில் டயர் வழுக்கும், எஞ்சின் அணையும், இடித்தால் கார் நொறுங்கும். அது நிஜ வண்டி. எதிரே ஒரு சோபா. அங்கே கையிலிருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். சுவரில் மோதினாலும் கார் துள்ளிக்கொண்டு ஓடும். அது ஜாலி வண்டி. 'ஜாலி' என்று நான் மரியாதையாகப் பெயர் வைக்கவில்லை.

புல்தரையில் அரை மணி நேரம்

கடை திறந்த வாரம் பாலிடெக்னிக் மாணவர்கள் நாலு பேர் வந்தார்கள். நிஜ வண்டியில்தான் உட்கார வைத்தேன். பழகாதவர்களுக்காகத் தானாகப் பிரேக் பிடிப்பது, சாலையில் கோடு போட்டு வழி காட்டுவது என்று அந்த விளையாட்டில் பல உதவிகள் உண்டு. எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தேன். உதவியோடு ஓட்டினால் அதெல்லாம் ஒரு ஓட்டலா என்பது அன்றைக்கு என் கொள்கை.

முதல் வளைவிலேயே முதல் ஆள் பம்பரமாகச் சுற்றிப் புல்லில் போய் நின்றான். இரண்டாவது ஆள் தடுப்புச் சுவரில் செருகினான். மூன்றாவது ஆளுக்கு வண்டி கிளம்பவே இல்லை. நான் பின்னால் நின்றுகொண்டு டயர்ச் சூட்டைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அரை மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்த நாலாவது ஆள் பணிவாகக் கேட்டான்: "அண்ணே, ரேஸு எப்பண்ணே ஆரம்பிக்கும்?"

இடுப்புக்குத் தெரிந்த வித்தை

கீழே பஞ்சு லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, லாரி டிரைவர் பாண்டி அண்ணன் வெயிலுக்கு ஒதுங்கி மாடிக்கு வந்தார். மலைப்பாதையெல்லாம் ஓட்டிய மனுஷன். நிஜ வண்டியின் அருமையைச் சொல்ல ஏற்ற ஆள் என்று உபசரித்து உட்கார வைத்தேன். இரண்டாவது வளைவில் கார் தலைகீழாகக் கவிழ்ந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடி கவிழ்ந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அவர் கோபப்படவில்லை. இருக்கையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார், அது துளியும் அசையவில்லை. குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, வண்டி சரியப்போகுதுன்னா மொதல்ல இடுப்புக்குத்தான் தெரியும், அப்புறந்தான் கண்ணுக்கு. நீ நிஜம்னு சொல்ற வண்டிக்கு இடுப்பே இல்லையேப்பா."

குமரேசனின் இரண்டு கைகள்

மல்லாங்கிணற்றில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் குமரேசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வந்தார். சின்ன வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களிலும் பலம் இல்லை. நண்பர்கள் அவரைத் தாங்கிப் படியேற்றிச் சோபாவுக்குக் கூட்டிப் போனார்கள். அவர் உட்காரவில்லை. "எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கணும்ணே. பிறந்ததுல இருந்து பக்கத்து சீட்டுலயேதான் உக்காந்து போறேன்" என்றார்.

பெடல் இல்லாமல் எப்படி? பாண்டி அண்ணன் பேச்சுக்குப் பிறகு என் கர்வம் கொஞ்சம் இறங்கியிருந்தது. உதவிகளை அணைத்த நாளிலிருந்து நான் திறந்தே பார்க்காத செட்டிங்ஸைத் திறந்தேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலுக்கு எட்டும் இரண்டு பட்டை உண்டு. ஒன்றை ஆக்ஸிலரேட்டராகவும் ஒன்றைப் பிரேக்காகவும் மாற்றினேன். கியரைத் தானாக விழ வைத்தேன். வழிகாட்டும் கோட்டையும், இத்தனை நாள் அணைத்து வைத்திருந்ததைச் சொல்லியே போட்டுவிட்டேன்.

முதல் சுற்றில் புல்லுக்குப் போனார். இரண்டாவதில் நிதானம் வந்தது. மூன்றாவது சுற்றில் நண்பர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார்கள். கடைசி ஆளாகத்தான் எல்லைக் கோட்டைத் தாண்டினார். ஆனால் முழுசாகத் தாண்டினார். நண்பர்கள் போட்ட சத்தத்தில் நூல் கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார். குமரேசன் ஸ்டீயரிங்கை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்: "ஏண்ணே, இம்புட்டு வசதியையும் உள்ள வச்சுக்கிட்டு இத்தன நாளா அணைச்சா போட்டிருந்தீக?"

வசந்தா அக்காவின் செவ்வாய்க்கிழமைகள்

திருச்சுழிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர் வசந்தா அக்கா. ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களை ஏற்றி இறக்க வேன் டிரைவர் வேண்டும். லைசென்ஸ் எடுத்தால் வேலை அவருக்குத்தான். டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டே டெஸ்டில் இரண்டு முறை தோற்றிருந்தார். வண்டி நின்றுபோனால் அழுகை வந்துவிடுமாம்.

இது காருக்கு ஈடாகாது என்று முதலிலேயே சொல்லித்தான் நிஜ வண்டியில் உட்கார வைத்தேன். எஞ்சின் இரண்டு முறை அணைந்தது. கண் கலங்கி எழுந்துவிட்டார். "வாரேன் தம்பி" என்று பையை எடுத்தவரை நிறுத்தி, சோபாவைக் காட்டினேன். ஜாலி வண்டியில் அவர் இடிக்காத சுவர் இல்லை, மரம் இல்லை. ஒன்றும் ஆகவில்லை. பத்தாவது இடியில் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சிரிப்பு அடங்கியதும் அவராகவே எழுந்து நிஜ வண்டிக்குப் போனார்.

அப்புறம் நாலு செவ்வாய்க்கிழமை வந்தார். முதலில் கால் மணி நேரம் ஜாலி, பிறகு நிஜம். வாரத்துக்கு ஒரு உதவியாக அணைத்துக்கொண்டே வந்தோம். கடைசி வாரம் கிளட்ச், கியர் எல்லாம் அவர் கையில்தான்.

போன மாதம் கீழே ஹாரன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வேன் நிறையப் பெண்கள். ஸ்டீயரிங்கில் வசந்தா அக்கா. படி இறங்கி ஓடிப்போய் டெஸ்ட் எப்படிப் போனது என்று கேட்டேன். "டெஸ்ட்லயும் வண்டி ஒருக்கா நின்னுபோச்சு தம்பி. இந்தத் தடவ நான் அழுகல, திருப்பி ஸ்டார்ட் பண்ணுனேன், அம்புட்டுத்தான்."

இப்போதெல்லாம் எத்தனை பங்கு நிஜம் வேண்டும் என்று வருகிறவர்களிடமே கேட்டுவிடுகிறேன். முழுசும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஒரே ஆள் நான்தான், அதுவும் நான் புல்லுக்குப் போவதைக் கடையில் யாரும் பார்க்காதபோது மட்டும்.