மீதிப் பேட்டி

கேஜிஎஃப் மைதானச் செய்திகளை ஃபேஸ்புக்கில் போடுவதுதான் என் வேலை. பெண்கள் ஹாக்கியில் எங்கள் ஊர் அணி தோற்ற அன்று, கோச்சிடம் மைக்கை நீட்டினேன்.

“கீப்பர் விட்ட கோலாலதான் தோத்தோம். ஆனா மத்த பத்து பேரும் கோட்டை விட்டதாலதான பந்து அவகிட்ட போச்சு? திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க” என்றார்.

முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டிப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் ஊரே பகிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனில் இடமில்லையென்று, வழக்கம்போல முழு வீடியோவை அழித்துவிட்டேன்.

அடுத்த வாரம் கோச்சே என்னைத் தேடி வந்தார்.

“அந்தக் கீப்பர் பொண்ணு பிராக்டீஸுக்கே வர்றதில்லைங்க. நானே கைவிட்டுட்டேன்னு நினைச்சுக்கிச்சு. இன்னா சொன்னாலும் கேக்கல. நான் பேசினது முழுசா உங்ககிட்ட இருக்குமே, குடுங்க, காட்டிட்டு வர்றேன்.”

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழித்துவிட்டதை அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த அவள் வீட்டுக்கு நானே போனேன். அவர் பேசியது அத்தனையையும் வாசலில் நின்று ஒப்பித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள், “வீடியோ இருக்குதாண்ணா?” என்றாள்.

நான் வெட்டிப் போட்டதை நம்பியவளிடம், என் வாயை நம்பு என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.