தாத்தா வாங்கிய கருப்பசாமி

மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கிளார்க் வேலை பார்த்தாள் டயானா. டி.சி., பிறந்த தேதித் திருத்தம் எல்லாம் அவள் கையால்தான் போகும். அவள் எழுதிக் கொடுத்தால் எந்த ஆபீஸிலும் மறுகேள்வி கிடையாது. தம்பி டோனி அவளிடம் வந்ததும் அதனால்தான்.

டோனிக்கு சிம்மக்கல்லில் பழைய சாமான் கடை. நாலுவழிச் சாலைக்காக இடித்த ஏதோ ஒரு வீட்டின் கதவு, ஜன்னலோடு கண்ணாடியில் வரைந்த ஒரு சாமி படமும் லாரியில் வந்திருந்தது. வெள்ளைக் குதிரையில் அரிவாளோடு கருப்பசாமி. சென்னையில் ஓர் ஏலக் கம்பெனியில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். படம் எந்தக் குடும்பத்தில் இருந்தது என்று மட்டும் எழுத்தில் கேட்டார்கள்.

"நம்ம வீட்டுப் படம்னு ஒரு லெட்டர்க்கா. அம்புட்டுத்தான்."

"வேதக்கார வீட்டுக்குக் கருப்பசாமி எப்படிடா வந்தாரு?"

"தாத்தா வேதத்துக்கு வர்றதுக்கு முன்னாடி வாங்குனதுன்னு போட்டிருக்கேன். பள்ளிக்கூட சீல் வச்சுக் கையெழுத்துப் போடுக்கா."

அட்மிஷன் நாள், வாசல்வரை கூட்டம். போட்டுவிட்டாள்.

படம் நல்ல விலைக்குப் போனது. எடுத்தவர் ஸ்ரீலக்ஷ்மி என்ற சென்னை அம்மாள். நாட்டார் ஓவியங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர். அவர் டயானாவுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். எந்தச் சுவரில் மாட்டியிருந்தது? மதம் மாறிய பிறகும் தாத்தா ஏன் தூக்கிப் போடவில்லை? மனசு வரவில்லை என்றாள் டயானா. பாட்டி ஒன்றும் சொல்லவில்லையா என்று அடுத்த வாரம் கேட்டார். முன்பு என்ன சொன்னோம் என்று மறக்காமலிருக்க ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டாள்.

பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருப்பவர் பள்ளியின் தாளாளர்தான். வரிசையில் நின்றவள் பாதியிலேயே திரும்பிவிட்டாள்.

ஸ்ரீலக்ஷ்மி எழுதிய கட்டுரையோடு பத்திரிகையில் படமும் டயானாவின் பெயரும் வந்த வாரம், கப்பலூரில் பை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் முத்துமீனா ஆபீஸுக்குத் தேடி வந்தாள். ஐம்பது வயசிருக்கும். பேப்பர்த் துண்டை மேஜையில் வைத்தாள்.

"இது எங்கப்பா எழுதுன படம் மேடம். பேயாண்டின்னு பேரு. குதிரைக் கால்ல தண்டை போடுறது அவரு ஒருத்தருதான்னு எங்கம்மா சொல்லும். ஊர் ஊரா எழுதிக் கொடுத்தாரு, எங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல. வரைஞ்சவர் பேர் தெரியலன்னு போட்டிருக்காங்க. அவரு பேரப் போடச் சொல்றீங்களா?"

அன்று சாயங்காலம் நேராகத் தம்பி கடைக்குப் போனாள்.

"உண்மையச் சொல்லிரப் போறேன் டோனி."

"சொல்லு. கையெழுத்து உன்னோடதுதான். பள்ளிக்கூடத்துலயும் நீதான பதில் சொல்லணும்." அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் சொன்னான்.

மறுநாள் ஸ்ரீலக்ஷ்மிக்குத் தானே போன் போட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போட்டாள்.

"மேடம், அந்தப் படத்த வரைஞ்சவர் பேரு பேயாண்டி."

"அடடே, எவ்வளவு பெரிய விஷயம்! எப்படித் தெரியும்?"

டயானா வாய் திறந்தாள். "தாத்தா சொல்லியிருக்காரு" என்றுதான் வந்தது.

புத்தகம் வந்தது. பேயாண்டியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அடியில் டயானாவின் தாத்தா பெயர். ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து முத்துமீனா வந்தாள். டயானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்பா போனப்ப எனக்கு நாலு வயசுக்கா. முகமே ஞாபகம் இல்ல. உங்க தாத்தா அவரோட பழகுனவருல்ல, அப்பா எப்படிப் பேசுவாரு, எப்படி இருப்பாருன்னு ஏதாச்சும் சொல்லியிருப்பாருல்ல?"

ஆபீஸில் வேறு யாருமில்லை. டயானா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதிகம் பேச மாட்டாராம், வேலை முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம் என்று ஆரம்பித்தாள். முத்துமீனா கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போதும் மாசத்தில் ஒரு சனிக்கிழமை, அப்பாவைப் பற்றி இன்னும் கேட்க அவள் வருகிறாள். முந்தின நாள் ராத்திரியே டயானாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது.