என் மடிக்கணினியில் அவள் தேடியவை

கவிதாவின் பிழைப்பை நான்தான் கெடுத்தேன். அவளுடைய நோயை ஊருக்குச் சொல்லிக் கெடுத்தேன். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. திருட்டுத்தனமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்! ஆனால் முழுதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருவரும் சேர்ந்து மணப்பெண் அலங்காரக் கடை நடத்தினோம். பேசிப் பேசி ஆள் பிடிப்பது நான், அலங்கரிப்பது அவள். ஒருநாள் கடை மடிக்கணினியின் பிரவுசரில் தன் சொந்தக் கணக்கைத் திறந்து, கைப்பேசியோடு இணைக்கும் வசதியையும் போட்டுவிட்டாள். கைப்பேசியில் அவள் எதைத் தேடினாலும் இங்கேயும் வந்து நிற்கும்.

"இது வேணாம் கவி. ஒன்னோட எல்லாமே இதுல தெரியும்" என்றேன்.

"வசதியா இருக்கு லா சுதா. நீதானே பாக்கப் போற?"

ஆமாம், நான்தான் பார்த்தேன்.

சில மாதங்களில் ஒரு வார்த்தை சொல்லாமல் கிள்ளானில் தனிக்கடை போட்டாள். நான் ஓடி ஓடிப் பிடித்த மணப்பெண்களையும் கூட்டிக்கொண்டு போனாள்! மடிக்கணினி என்னிடம் தங்கியது. அதில் அவள் கணக்கை மூட மறந்திருந்தாள். நான் ஒருமுறை அழுத்தியிருந்தால் மூடியிருக்கும்.

அழுத்தினேனா? இல்லை... தினமும் காலைக் காப்பியோடு அவளைப் படித்தேன்.

அப்படி ஒரு காலையில்தான் அது வந்தது. 'மார்பில் வலியில்லாத கட்டி.' அதன் கீழே, 'கட்டி என்றால் புற்றுநோயா?'

பதறினேனா என்று கேட்கிறீர்களா? ஒரு கணம் பதறினேன். பிறகு இனித்தது... பொய் சொல்ல மாட்டேன், இனித்தது!

எங்கள் தொழிலில் கைராசிதான் எல்லாம். பெண்ணுக்கு முதல் பொட்டு வைப்பவளுக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று பார்ப்பார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பந்திங் ஊரிலிருந்து ஒரு மணப்பெண்ணின் அம்மா அழைத்தார். மகளின் அலங்காரத்துக்குக் கவிதாவிடம் பேசி முடித்திருந்தவர். அவளுடைய பழைய கூட்டாளி என்பதால், அவள் வேலை எப்படி என்று என்னிடம் விசாரித்தார்.

"நல்லா செய்வாங்க அக்கா. பாவம், மார்ல கட்டியாம்... கேன்சரா இருக்குமோன்னு பயப்படுறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"ஐயோ, கல்யாண வீட்டுல எப்படிம்மா..." என்று இழுத்தார். பிறகு, "நீயே வந்துடும்மா" என்றார்.

பேச்சு பரவியது. ஒவ்வொருவராக அவளை விட்டு என்னிடம் வந்தார்கள். நான் மகிழ்ந்தேன்.

பிறகொரு காலை அவள் தேடல்களில் இது இருந்தது: 'என் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது?'

கண்டுபிடித்துவிட்டாள்! இனி மூடிவிடுவாள் என்று காத்திருந்தேன். மூடவில்லை! மறுநாள் தேடும் இடத்தில் எனக்கே எழுதியிருந்தாள்:

'சுதா, ரிப்போர்ட் வந்துருச்சு. கேன்சர் இல்ல. இதையும் போய் எல்லார்கிட்டயும் சொல்லு.'

அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் புதிதாக எதுவும் வரவில்லை. அவளும் அதை மூடவில்லை, நானும் மூடவில்லை. தினமும் திறந்தால் அந்த வரிதான் முதலில் நிற்கிறது.

நேற்று பந்திங் அக்கா மறுபடி அழைத்தார். இரண்டாவது மகளுக்குக் கல்யாணமாம். "கவிதா இப்ப எப்படி இருக்காங்க?" என்று அவராகவே கேட்டார்.

"தெரியல அக்கா" என்றேன். கல்யாண நாளைக் குறித்துக்கொண்டேன்.