நீர்யானையைக் கொன்றவன் முகம்

ஜெயவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. வியாசர்பாடியில் வீடு, காலடிப்பேட்டையில் ஃபைபர் பொம்மைப் பட்டறையில் வேலை. கல்யாண மண்டப யானை, பூங்காவில் குப்பைக்கு வாய் பிளந்து நிற்கும் முயல் என்று முப்பது வருஷமாக ஊருக்கு உருவம் செய்து கொடுத்து, பதிலுக்கு உப்புத்தாள் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டவர்.

போன வருஷம் ஒரு துறைமுகக் கம்பெனி எண்ணூர்ப் பக்கம் கட்டிய கண்காட்சிக் கூடத்துக்குக் குட்டை நீர்யானை கேட்டது. மடகாஸ்கர் தீவில் இருந்து அழிந்துபோன ஜாதி. விவரம் சொல்ல ஜெனி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தார். மனிதன் அந்தத் தீவுக்குப் போன பிறகுதான் அது அழிந்தது, ஆனால் எதனால் என்று இன்னும் வாதம் நடக்கிறது என்றார். சில எலும்புகளில் கத்தி வெட்டு இருக்கிறது. மாடு மேய்க்கக் காட்டைக் கொளுத்தியிருக்கிறார்கள். இடையில் மழையும் பொய்த்திருக்கலாம். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி போடும் பிராணி, வருஷத்துக்குக் கொஞ்சம் செத்தாலே போதும், மெதுவாகத் தீர்ந்துவிடும். இதெல்லாம் சேர்ந்துதான் கொன்றிருக்க வேண்டும் என்று நீளமாக ஒரு பலகை எழுதிக் கொடுத்தார். ஜெயவேலுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

கம்பெனிக்குத்தான் பலகை பிடிக்கவில்லை. அவ்வளவையும் யார் படிப்பார்கள், பக்கத்தில் ஈட்டியோடு ஒரு ஆளை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பலகை இரண்டு வரியாகச் சுருங்கியது. மனிதன் வந்தான், விலங்கு அழிந்தது.

பட்டறையில் அவசர வேலை என்றால் களிமண்ணில் முகம் பிடிக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கிற ஒரு ஆளை உட்காரவைத்து, எண்ணெய் தடவி, மூச்சுக்கு மூக்கில் இரண்டு ஸ்ட்ராவைச் செருகி, இறுகிப்போகும் அச்சு மாவைப் பூசி அச்சு எடுத்துவிடுவார்கள். ஜெயவேல் பக்கத்துக் குடோன் வாட்ச்மேன் மாரியப்பனைக் கூப்பிட்டார். பத்து வருஷமாகச் சேர்ந்து டீ குடிக்கிற தோஸ்து. எண்ணூரை ஒட்டிய காட்டுப்பள்ளித் தீவுக்காரர். கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடித்தவர். தண்ணீரில் அனல்மின் நிலையச் சாம்பலும் கரையில் அதே துறைமுகக் கம்பெனியின் சுவரும் வந்த பிறகு வாட்ச்மேன் ஆனார். எதற்கு அச்சு என்று கேட்டதற்கு, பழங்கால வீரன் சிலை என்று ஜெயவேல் சொல்லிவைத்தார். முழுசாய்ச் சொன்னால் வரமாட்டாரோ என்ற பயம். அந்தப் பொய்தான் பிறகு அவரைத் தின்றது.

திறப்பு விழாவுக்குக் கம்பெனி பஸ் விட்டு, தீவை விட்டுப் போக நேர்ந்தவர்களையும் அழைத்துவந்தது. கையில் டிபன் பொட்டலத்தோடு மாரியப்பன் நீர்யானை முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் ஈட்டியோடு நின்றவனிடம் தன் முகத்தைப் பார்த்தார். இரண்டு வரியையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். ஜெயவேல் தூணோரம் ஒதுங்கப் பார்த்தார், முடியவில்லை.

"இன்னா மாமு, இத நான் எப்போ கொன்னேன்?" என்றார் மாரியப்பன். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜெயவேல் என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

"எங்க தீவுக்கும் வந்தானுங்க இல்ல? அவனுங்க மூஞ்சி எங்க கீது நைனா?"

வாசலில் இருந்தது. ஆள் உயர பேனரில், கம்பெனிப் பெரியவர்களின் முகம், சிரித்தபடி. அதைக் காட்ட ஜெயவேலுக்குக் கை எழவில்லை. மாரியப்பன் பொட்டலத்தை நீர்யானையின் காலடியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து டீக்கு வரவில்லை.

சிலை நன்றாக வந்திருக்கிறது, வேறு ஊர்களுக்கும் நான்கு வேண்டும் என்று அடுத்த வாரமே ஆர்டர் வந்தது. முடியாது என்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று பட்டறை முதலாளி சொன்னார். ஜெயவேல் அதே அச்சை எடுத்தார்.

அச்சு எடுக்கும்போது கண்ணை மூடித்தான் உட்கார வேண்டும். சிலைக்குக் கண்ணைப் பிறகு செதுக்குவார்கள். ஈட்டிக்காரனின் கண்ணில் இருந்த வெறி ஜெயவேல் செதுக்கியது. மாரியப்பன் தூங்குகிறவர் மாதிரித்தான் உட்கார்ந்திருந்தார். இன்னும் நான்கு பேருக்கு அந்தக் கண்ணைத் திறக்க வேண்டும். ஜெயவேல் உளியை எடுத்தார்.