வீட்டில் வண்டி வருமா?

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி, "வீட்டில வண்டி வருமா?" என்பதுதான். படிப்பு, எந்தச் சர்ச் சபை, குணம் எல்லாம் அதற்குப் பிறகு. வண்டி என்றால் கார். வீட்டில் என்றால் முற்றம் வரை, செருப்பில் மண் ஒட்டாமல் இறங்குகிற தூரம் வரை. என் மகளுக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் இந்தக் கேள்வியிலேயே நின்றுபோயின. அந்த மூன்று வீட்டாருக்கும் காலில் ஒரு குறையும் கிடையாது, நன்றாக நடப்பவர்கள்தான்.

எங்கள் வீடு திருவட்டாறிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து ஒரு இடவழி செங்குத்தாகச் சரிந்து இறங்கும். இரண்டு பக்கமும் கல் அடுக்கிய கையாலைச் சுவர், அதற்கு மேல் ரப்பர் மரங்கள். முப்பது வருடமாக அந்த வழியில் என் டீசல் பிக்கப்பை ஏற்றி இறக்குகிறேன். ஏத்தன் வாழைக்குலைகளை நிறைத்துக்கொண்டு கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போய்விட்டு வருவேன். கண்ணாடிகளை மடக்கிக்கொண்டால் வண்டி தாராளமாகப் போகும். ஆனால் பிக்கப் வந்தால் அது வண்டி வந்ததாகக் கணக்கில்லை.

இப்போது எங்கள் மாவட்டத்தில் கார் என்றாலே உயரமான, பெட்டி போன்ற, காட்டுக்கும் மலைக்கும் என்று செய்த வண்டிதான். இவை ஏறுகிற மலை எது என்று எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தின் வாசல் சரிவு. விளம்பரத்தில் ஆற்றுக்குள் இறங்கி அக்கரை ஏறும் வண்டி, கால்வாய்ப் பாலத்தில் எதிரே ஒரு ஆட்டோ வந்தால் நின்றுவிடும், உள்ளே இருப்பவர் கண்ணாடியை இறக்கிக் கத்துவார். போதாததற்கு இப்போது ஹைபிரிட் வந்திருக்கிறது. ஒற்றை ஆள் மீன் வாங்கப் போவதற்கு இரண்டு டன் இரும்பு. அந்த இரும்பைத் தள்ள எஞ்சின், எஞ்சினுக்குத் துணையாக மோட்டார், மோட்டாருக்குப் பேட்டரி, அந்தப் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு ஓட இன்னும் கொஞ்சம் பெட்ரோல். இதை வாங்கிவிட்டு, பூமிக்கு நல்லது செய்கிறோம் என்று சபை வாசலில் நின்று சொல்கிறார்கள். பூமியின் மேல் அவ்வளவு இரக்கம் இருப்பவன் சின்ன வண்டி வாங்கலாம். வீட்டுக்கும் சபைக்கும் நடுவில் இருக்கிற நானூறு அடியை நடந்தும் கடக்கலாம்.

அந்த இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அதையும் சொல்ல வேண்டும். என் மகள் நாகர்கோவிலில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர். ஹைபிரிட் வண்டி பழுதுபார்க்கிற மேடையில் ஏறினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சபை நோட்டீசின் பின்பக்கத்தில் எனக்குப் படம் போட்டுச் சொல்லித்தருவாள். எஞ்சினும் மோட்டாரும் ஒரே பல்சக்கரக் கூட்டத்துக்குள் எப்படி வந்து சேர்கின்றன, பிரேக் மிதித்தால் வீணாகப் போகிற ஓட்டம் எப்படிக் கரண்டாகத் திரும்புகிறது என்று. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டினால் அது குளத்துக்குத்தான் போகும் என்று நான் வம்பு பண்ணுவேன். "சண்ட போடாம பாத்துக்கத்தான் கம்ப்யூட்டரு கெடக்குல்லியா அப்பா" என்பாள். எனக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று. பிடிபட்ட அன்று அவள் கைதட்டினாள். அந்த ஞாயிறுகளைப் போல என்னைப் பெருமைப்படுத்திய நாட்கள் வேறு இல்லை.

நான்காவது சம்பந்தம் கருங்கல் பக்கத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளை கத்தாரில் வேலை, அப்பா கட்டட கான்ட்ராக்டர். பெண் பார்க்கப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கான்ட்ராக்டர் என்னை போனில் கூப்பிட்டார்.

"வீட்டில வண்டி வருமா?"

"வரும். கொஞ்சம் இடுக்கமாக்கும்."

"நம்மளது வலிய வண்டி, கேட்டியளா. ஹைபிரிடாக்கும்."

மகளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் எண்ணவில்லை, ஊர் எண்ணியது, ஊரோடு சேர்ந்து நானும் எண்ணினேன். இதுவும் இடவழியில் நின்று போய்விடக் கூடாது என்று எனக்குப் பயம். மறுநாளே ஆள் கூப்பிட்டுக் கையாலையை ஒரு பக்கம் இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டினேன். வாசல் தூணில் ஒன்றை இடித்தேன். முற்றத்து ஓரத்தில் நின்ற அயனி மரம் பாதி வளர்ச்சியில் இருந்தது. வண்டி திரும்ப இடம் வேண்டுமே என்று அதையும் வெட்டினேன். மகள் வேலைக்குப் புறப்பட்டு வந்து, கிடந்த மரத்தைத் தாண்டிக் கால் வைத்தாள்.

"அப்பா, பெண்ணு பாக்க வாறது ஆளுவளா, வண்டியா?"

நான் சிரித்து வைத்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சனிக்கிழமை மதியத்துக்கு முன் வந்தார்கள். வண்டி சத்தமில்லாமல் சரிவில் இறங்கியது. முற்றம் முழுக்க அதுவே நின்றது. கான்ட்ராக்டர், அவர் மனைவி, மகன், மகனின் அக்கா, நான்கு பேரும் ஒவ்வொரு கதவாக இறங்கினார்கள். பின்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் அடைத்த பலகார டப்பாக்கள் நெருக்கி இருந்தன. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார்கள். மீதி வேறு எங்கோ கொடுப்பதற்காக இருக்கும்.

வீட்டுக்குள் வரும் முன்பே கான்ட்ராக்டர் என்னை வண்டிக்குள் உட்காரவைத்தார். சீட்டுக்கெல்லாம் மெத்தை போலத் தடித்த உறை, அதில் தங்க நிற நூலில் தையல். முன்னால் ஒரு திரை. அதில் எஞ்சினிலிருந்து பேட்டரிக்கும் பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கும் அம்புக்குறி ஓடும் என்று விரலை வைத்துக் காட்டினார். வண்டி ஓட்டும்போது இந்த மனிதர் ரோட்டைப் பார்ப்பாரா, அம்பைப் பார்ப்பாரா என்று தோன்றியது. "நாலு சக்கரமும் இழுக்கும் ஓய், எந்த மலைய வேணும்னாலும் சொல்லு" என்றார். அவர்கள் வந்து இறங்கும்போதே நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்திருந்தேன். எஞ்சினின் இழுவையை முன்னாலிருந்து பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டே இல்லை. பின்சக்கரங்களுக்கு ஒரு சின்ன மோட்டார் மட்டும். மகள் படம் போட்டுக் காட்டிய அதே ஏற்பாடு. மழைநீர் தேங்கிய ரோட்டுக்குப் போதும், மலைக்கு அது போதாது.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன்? கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"இதுக்கு கரண்டு எங்கண குத்தணும்?"

கான்ட்ராக்டரின் முகம் மலர்ந்தது. "அதாக்கும் ஓய் விசயம். குத்தவே வேண்டாம். தன்னால ஏறும்" என்று என் தோளில் தட்டினார். ஓ அப்படியா என்று வாயைப் பிளந்தேன். அந்த நேரத்தில் மகள் சாயா தட்டோடு படியில் நின்றுகொண்டிருந்தாள். என் கேள்வி அவள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும்.

மற்றபடி எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாப்பிள்ளை சாதுவான பையன், அதிகம் பேசவில்லை. அவன் அம்மா மகளிடம், கல்யாணத்துக்குப் பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டிய தேவை வராது என்று, ஏதோ நோய் குணமாகும் என்பதுபோல ஆறுதலாகச் சொன்னார். கான்ட்ராக்டர் எழுந்து நின்று ஜெபித்தார். அதில் இரு குடும்பங்களுக்கும் ஒரு வரி வந்தது, வாகனத்துக்கு மூன்று வரி.

புறப்படும்போதுதான் சங்கதி தொடங்கியது. பங்குனி வெயிலில் இரண்டு மணி நேரம் கண்ணாடி ஏற்றி நின்ற வண்டி. நான்கு பேரும் ஏறி ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு சரிவில் ஏறினார்கள். முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் வழுக்கலாகக் கிடந்தது. பாதி வழியில் முன்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. பின்சக்கரங்கள் அசையவே இல்லை. எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது. கான்ட்ராக்டர் வண்டியைப் பின்னோக்கி முற்றத்துக்கே இறக்கினார். எந்த மலைக்கும் போகிற வண்டி என் மனைவி குடத்தோடு ஏறுகிற மேட்டில் ஏறவில்லை.

திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை எரிந்தது. வரும்போதே எரிந்ததாம். ஏ.சி. சம்பந்தப்பட்டது என்று நினைத்தார்களாம். மாப்பிள்ளை கையேட்டைப் புரட்டினான். கான்ட்ராக்டர் யாரையோ போனில் பிடித்து, வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்று திட்டினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. என் பிக்கப்பில் கயிறு கட்டி இந்த மகாராஜாவை மேலே இழுத்துவிடுகிற காட்சி கண்முன் வந்தது. ஆனால் முகத்தில் கவலையை வைத்துக்கொண்டு நின்றேன்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். யாரிடமும் கேட்காமல் பின்கதவைத் திறந்தாள். டப்பாக்களை எடுத்து முற்றத்தில் வைத்தாள். சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவினாள்.

"இதுக்கு அடியிலயாக்கும் பேட்டரி. அது சூடாவாம இருக்க இங்கண ஒரு சல்லட உண்டு, அதுவழியா காத்து போவணும். சீட்டு கவர் தச்ச ஆளு அதுக்க மேலயே சேத்து தச்சிட்டான். பேட்டரி சூடாயிப் போச்சு. அதனால கம்ப்யூட்டரு பின்மோட்டார நிறுத்தி வச்சிருக்கு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கான்ட்ராக்டரின் நெற்றி சுருங்கியது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும், இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

"மக்களே, அவங்களுக்குத் தெரியாததா? நீ உள்ள போ" என்றேன் மகளிடம். குரலை உயர்த்தியே சொன்னேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

அவள் உள்ளே போனாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். தங்க நூல் தையலைச் சதுரமாக வெட்டி எடுத்தாள். உள்ளே சல்லடை முழுக்க, தையல் இடுக்கு வழியாக விழுந்த முந்திரிக்கொத்து மாவுத்தூள். அதைப் பழைய பிரஷ் ஒன்றால் தட்டிவிட்டு, நான்கு கதவையும் திறந்து போடச் சொன்னாள். அரை மணி நேரம் கழித்துத் திரையில் மஞ்சள் விளக்கு அணைந்தது. வண்டி சரிவில் மெல்ல ஏறிப் போயிற்று. கான்ட்ராக்டர் என்னிடம் கையாட்டினார். வெட்டிய துண்டுத்துணி முற்றத்தில் கிடந்தது.

திங்கட்கிழமை போன் வந்தது. சம்மதமாம். பெண் கெட்டிக்காரி என்று பையன் சொன்னானாம், வேலைக்குப் போவதைப் பற்றிக்கூட அவனே அவன் அம்மாவிடம் பேசிவிட்டானாம். கான்ட்ராக்டரும் சிரித்துக்கொண்டே, "நம்ம வண்டிக்கு வீட்டிலயே டாக்டர் ஆச்சு ஓய்" என்றார். நான் போனை வைத்த கையோடு அடுக்களைக்கு ஓடினேன். மகள் மத்தியானச் சோற்றைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னேன். அவள் மூடியைத் திருகி முடித்தாள்.

"வேண்டாம் அப்பா."

"என்ன மக்களே, நல்ல ஆளுவளாக்கும். ஒண்ணும் சொல்லல்லியே."

"ஆமா, அவங்க ஒண்ணும் சொல்லல்ல. உள்ள போன்னு சொன்னது நீங்களாக்கும்."

அவனிடம் ஒரு குறையும் இல்லை என்றாள். ஆனால் அந்த வீட்டுக்கு அவள் போனால், நான் அவர்கள் முன்னால் நிற்கிற ஒவ்வொரு தடவையும், அன்று ஒன்றும் தெரியாதவன்போலக் கையைக் கட்டி நின்றேனே, அப்படித்தான் நிற்பேன், அதைப் பார்க்க முடியாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சர்வீசுக்கு வருகிறவர்களிடம் இன்ன பாகம் போய்விட்டது என்று சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பெரிய வண்டிக்காரர்களை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படிப் பார்த்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.