வராத பஸ்ஸில் ஏழு வீட்டார்

போன செவ்வாய்க்கிழமை ஆய்வுக்காரப் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஏழு நோட்டுகளை மேஜை மேல் வைத்து, நீங்களே பாருங்கள் சார் என்றார். பார்த்தேன். அதிலிருந்து இரண்டு நாள் நான் வாசல் பக்கம் தலைகாட்டவில்லை. உங்களிடம் சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். உத்தமபாளையத்தில் எங்கள் தெரு, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. பால் பாக்கெட் வாங்கவும் பைக், பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கும் பைக். இந்தப் பழக்கம் மாறுமா என்று பார்க்க ஒரு கல்லூரியிலிருந்து வந்தார்கள். சோதனைக்கு, தெருவிலிருந்து மெயின் ரோடு வரை ஒரு மினி பஸ் விட ஏற்பாடு செய்தார்கள். ஆய்வில் சேர்ந்த எட்டு வீடுகளுக்கும் வீட்டுக்கொரு நோட்டு. தினமும் எங்கே போனோம், எதில் போனோம் என்று எழுத வேண்டும். பைக் குறைந்திருந்தால் பஸ் தொடரும். இல்லையென்றால்... நின்றுவிடும்.

தொடக்க விழாவில் பேசியது யார்? அடியேன்தான். பைக் சாவியை ஆணியில் மாட்டுங்கள் என்று முழங்கினேன். கைதட்டல் வேறு.

மறுநாள் காலை பஸ் ஹாரன் கேட்டபோது ஷேவ் செய்துகொண்டிருந்தேன். சரி, நாளையிலிருந்து போகலாம் என்று பைக்கை எடுத்தேன். அந்த நாளை வரவே இல்லை. ஆனால் மேடையில் பேசியவன் ஆயிற்றே... நோட்டில் 'மினி பஸ்' என்று எழுதினேன். தினமும்!

கூத்து இனிமேல்தான். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் எங்கள் தெருவில் மனு, விண்ணப்பம் எல்லாமே என்னைக் கேட்டுத்தான். இந்த நோட்டையும் அப்படி ஒரு விண்ணப்பம் என்றே நினைத்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் என் நோட்டை வாங்கிப் போய், பார்த்து எழுதினார்கள். தப்பாக எழுதிவிடக் கூடாதாம். நானும் பெருமையாகக் கொடுத்தனுப்பினேன்.

வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்துக்காக அந்த மினி பஸ்ஸை இரண்டு நாள் அங்கே அனுப்பிவிட்டார்கள். பைக்கில் போகிறவனுக்கு இது எப்படித் தெரியும்? அந்த இரண்டு நாளும் காலை எட்டரைக்கு நானும், என்னைப் பார்த்து எழுதிய ஆறு வீட்டாரும் அதே பஸ்ஸில் போயிருக்கிறோம் — நோட்டில்.

எட்டாவது நோட்டு ராஜாத்தியுடையது. கம்பத்தில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறவர். முழங்கால் வீக்கம் அவருக்கு. அந்த இரண்டு நாளுக்கும் 'பஸ் வரல, நடந்து போனேன்' என்று எழுதியிருந்தாராம். ஒரே ஒரு நிஜ நோட்டை வைத்துக்கொண்டு ஒரு தெருவின் பழக்கம் மாறியதா என்று எப்படி அளப்பது? எங்கள் தெருவையே ஆய்விலிருந்து எடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அந்தப் பெண் கிளம்பினார். மறுநாளே பஸ் நின்றது.

நேற்று சாயங்காலம் ராஜாத்தி வந்தார். மெயின் ரோட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார்.

"அண்ணே, பஸ்ஸத் திரும்ப விடச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க. நீங்க சொன்னாக் கேப்பாக."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சொல்லிவிட்டேன். ஒருநாள்கூட நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை, எழுதியதெல்லாம் பொய், பஸ் நின்றதே அதனால்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்க ஏறலைன்னு தெரியும்ணே. நாந்தான தெனமும் அதுல போனேன்."