நான் பார்த்தால் தோற்கிற அணி

அமெரிக்காவில் கடுங்குளிர் அடிக்கிற ஏதோ ஓர் ஊரின் பாஸ்கெட்பால் அணிக்கு நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு ரசிகையாக இருப்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்கிறவர்கள், காலை ஆறு மணிக்கு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து பார்க்கட்டும். அங்கே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாவகாசமாக ஆட்டம் பார்க்க உட்காருகிற நேரம், இங்கே பால் காய்ச்சுகிற நேரம். குழாயில் தண்ணீர் வருகிற நேரம். தேங்காய் துருவுகிற நேரம். ஜெயிப்பதா தோற்பதா என்று முடிவாகிற கடைசிப் பன்னிரண்டு நிமிஷம் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் வந்து நிற்கும். அப்போது நான் மூன்று சாப்பாட்டு டப்பாவுக்கு இரண்டு மூடியை வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பேன்.

அணியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உடனே போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் துக்கம் விசாரிப்பீர்கள். அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

நான் ஒன்றும் சும்மா வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை. டவுன்ஷிப் பள்ளிக்கூடத்து சிமெண்ட் தரையில் ஆறு வருஷம் ஆடியவள். ஐந்தடி உயரத்துக்கு என்ன இடம் கொடுப்பார்கள்? பந்தைத் தட்டிக்கொண்டு போய், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிற இடம். கூடையில் போடுகிறவளுக்குக் கைத்தட்டல், கொடுத்தவளுக்கு முழங்கால் சிராய்ப்பு. இப்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். அங்கே ஒரே ஒரு கூடை, அதற்கு வலை கிடையாது. என் பீரியடில் பாதியைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். மீதிப் பாதியில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பதற்குள் மணி அடித்துவிடும். வலை கேட்டு எழுதிக் கொடுத்து எத்தனை நாளாகிறது என்று எனக்கே மறந்துபோய்விட்டது.

போனில் டேட்டா மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த காலத்தில், ஒரு நாள் பால் பொங்கக் காத்திருந்தபோது தற்செயலாக அந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்தேன். அவர்களிடம் ஒரு குட்டை ஆட்டக்காரன் இருந்தான். குட்டை என்றால் அவர்கள் கணக்கில்தான், என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் அவன் தோளளவுதான் வருவார். அவன் இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் பந்தைக் கொடுத்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் செய்கிற வேலை அது. பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அந்த அணியின் கடந்த சில வருஷ வரலாற்றை ரசிகர்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். என்னிடம் கேட்டால் ஒவ்வொன்றின்போதும் நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று சொல்வேன். மூலையில் நின்று ஒருத்தன் மணி அடிக்கிற நொடியில் எறிந்து, ஒரு தொடரையே ஜெயித்துக் கொடுத்தானே, அப்போது நான் பின்கட்டில் டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து கிடக்கிறார்கள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த என் குட்டை ஆட்டக்காரன் திரும்பி வந்து மைதானத்தில் கால் வைத்தபோது அத்தனை ஜனமும் எழுந்து நின்றது. அப்போது மதுரையிலிருந்து என் மாமியார் போன் செய்து, ஒரு வளைகாப்புக்கு யார் யார் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையின் போனை எப்படி வைப்பது? "சரிங்கத்தை, சரிங்கத்தை" என்று சொல்லிக்கொண்டே கண்ணில் தண்ணீர் விட்டேன். வளைகாப்புக்கு வராதவர்களுக்காக நான் அழுவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"ரீப்ளே வரும், பாத்துக்கோ" என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு வருகிற ஆத்திரத்தில் கையில் இருக்கிற கரண்டியை எறியலாம் போல இருக்கும். கல்யாணத்துக்குப் போகாமல் ஆல்பம் பார்க்கிற மாதிரிதான் அது. முடிவு தெரிந்த பிறகு வயிறு கலங்காது. வயிறு கலங்காவிட்டால் அது என்ன ஆட்டம்?

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், இந்த ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஃபவுல் என்றால் என்ன, எதற்கு இரண்டு பாயிண்ட், எதற்கு மூன்று என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்துப்போய், போனிலிருந்து டி.வி.க்கு மாற்றினார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் சரி, செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் வீட்டில் இருந்தாலும் சரி, டீ டம்ளரோடு சோபாவில் சாய்ந்துவிடுவார். பிளஸ் டூ படிக்கிற மகள் தலையைப் பின்னிக்கொண்டே பக்கத்தில் உட்காருவாள். எதிர் குவார்ட்டர்ஸ் அண்ணன், பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர், தன் டீயைத் தானே கொண்டு வந்து நாற்காலியில் குந்துவார். மூன்று பேரும் கத்துவார்கள். நான் அடுப்படியிலிருந்து, கத்துகிற சத்தத்தை வைத்து யார் பக்கம் பாயிண்ட் என்று கண்டுபிடிப்பேன். "ஏய், இங்க ஓடியா, ஓடியா" என்று கூப்பிடுவார். ஓடினால் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்.

போதாக்குறைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அரையிறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் எங்கள் அணி மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதிசயமாக நான் சோபாவில் இருந்தேன். மனசு கேட்காமல் சட்னி அரைக்க எழுந்து போனேன். மிக்சியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் ஆட்டம் சமம். நான் ஆசையாக உட்கார்ந்தேன், மறுபடி சறுக்கல். மகள் என்னையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, நீ திரும்ப அடுப்படிக்குப் போ."

விளையாட்டாகத்தான் போனேன். ஜெயித்துத் தொலைத்தார்கள். அவ்வளவுதான், சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு நெருக்கடி வந்தால் மூன்று பேரும் ஒரே குரலில் "சட்னி" என்பார்கள். நானும் போய் நிற்பேன். நம்பிக்கை இல்லைதான். ஆனால் தோற்றுவிட்டால் பழி என் தலையில் விழுமே என்று போய் நிற்பேன். சில நாள் அரைக்கத் தேங்காய்கூட இருக்காது, வெறும் மிக்சியை ஓட்டிவிட்டு நின்றிருக்கிறேன். எம்.பி.எட். படித்தவள் நான்.

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் ஓடுகிற இடத்தில் வேலை. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் இவர் நகரலாம். அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். அவர் வரவில்லையென்றால் மணி எத்தனை ஆனாலும் நிற்க வேண்டியதுதான். "ரிலீவர் வராம எடத்த விட்டு நகந்தா மெமோதான்" என்று பெருமையாகச் சொல்லுவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"பத்தொம்பது வருஷமா எனக்கு ரிலீவர் வரல. நான் யாருக்கு மெமோ குடுக்கிறது?"

சிரித்தார். சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

போன ஜூனில் அது வந்தது. இறுதித் தொடர். ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயித்தால் கோப்பை. மூன்றுக்கு மூன்று என்று இழுத்துக்கொண்டு வந்து ஏழாவது ஆட்டத்தில் நிறுத்தினார்கள். நான் பார்க்க ஆரம்பித்த பிறகு இவ்வளவு தூரம் அவர்கள் வந்ததே இல்லை. என் குட்டை ஆட்டக்காரனுக்கும் வயசாகிவிட்டது, இதை விட்டால் அவனுக்கு இன்னொன்று கிடையாது. எனக்கும் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கடைசிப் பன்னிரண்டு நிமிஷத்தை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், என் கண்ணால், நடக்கிறபோதே பார்க்க வேண்டும். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி.

திங்கட்கிழமை காலை ஆட்டம். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இருந்தாலும் லீவு எழுதிக் கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்று பிரின்சிபால் கேட்டார். "குடும்பத்துல முக்கியமான விஷயம் சார்" என்றேன். என் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு ஏழு மணிக்கு நீங்கதான் ரிலீவர். ஆட்டம் முடியிற வரைக்கும் அடுப்படி உங்க சார்ஜ்."

"சரிம்மா. ஒரு நாள்தான, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எல்லாவற்றையும் தயார் செய்துதான் கொடுத்தேன். வெங்காயம் நறுக்கி, ரவை வறுத்து, சட்னி அரைத்து வைத்தாயிற்று. உப்புமா கிண்ட வேண்டியதுதான் பாக்கி. ஏழு மணிக்குக் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தேன். "கடுகு எங்க?" என்று ஒரு குரல். சொன்னேன். "தண்ணி எவ்வளவு?" சொன்னேன். "உப்பு?" தலையைத் திருப்பாமலே சொன்னேன். நாலு பகுதியில் மூன்றாவது முடியும்போது எங்கள் அணி ஒன்பது பாயிண்ட் பின்னால் இருந்தது. மகள் என்னைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"என்ன ஏன் பாக்கிற? ஆட்டத்தப் பாரு."

"ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

கடைசிப் பகுதியில் மெல்ல மெல்ல ஏறி வந்தார்கள். நான் உட்கார்ந்திருக்கும்போதே ஏறி வந்தார்கள் என்பதை யாராவது கவனித்தார்களா? இல்லை. என் குட்டை ஆட்டக்காரன் கீழே விழுந்து எழுந்து பந்தைப் பிடுங்கினான். ஒரே ஒரு பாயிண்ட்தான் பின்னால், பதினோரு விநாடி பாக்கி, பந்து எங்கள் கையில். டைம் அவுட் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, கரண்டியோடு ஹாலுக்கு வந்து நின்றார்.

"நீங்க ஏன் வந்தீங்க?"

"பதினோரு செகண்டுதான. ஒண்ணும் ஆவாது."

எதிர் வீட்டு அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "தங்கச்சி, சொல்றேன்னு தப்பா நெனக்காத. நீ இங்க குந்திக்கினு இருக்கிறது சரியில்ல. எழுந்து உள்ள போயிடும்மா. ஒரு நிமிஷம்தான்."

"அம்மா, ப்ளீஸ்மா. நீ போனா ஜெயிச்சிடுவாங்க. ரீப்ளே பாத்துக்கலாம்மா" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

 என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். கரண்டி இருந்த கை.

 இத்தனை வருஷமும் நான் எழுந்து போனது பால் பொங்குகிறது என்று, தண்ணீர் நின்றுவிடும் என்று. அதையாவது ஒத்துக்கொள்ளலாம். இப்போது அடுப்படி என் சார்ஜிலேயே இல்லாதபோதும் போகச் சொல்கிறார்கள். டி.வி.யில் விசில் ஊதிவிட்டது. உள்ளேயிருந்து உப்புமா அடிப்பிடிக்கிற வாசனையும் வந்தது. பழக்கதோஷத்தில் என் கால் தானாக எழப் பார்த்தது. சோபாவின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் எந்திரிக்கமாட்டேன்" என்றேன்.

பந்து என் குட்டை ஆட்டக்காரனிடம் வந்தது. தட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தான். இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். மற்றவனாக இருந்தால் தானே எறிந்திருப்பான். அவன் இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது மூலைக்குக் கொடுத்தான். மூலையில் நின்றவனைத் தடுக்க ஆளே இல்லை. நானாக இருந்தாலும் அங்கேதான் கொடுத்திருப்பேன். சத்தியமாக அங்கேதான். அவன் எறிந்தான். பந்து வளையத்துக்குள் பாதி இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்து விழுந்தது. மணி அடித்தது.

என் குட்டை ஆட்டக்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. அவனுக்காகத்தான் வந்தது. வேறு எதற்காகவோ இருந்தாலும் இருக்கலாம்.

ஹாலில் யாரும் கத்தவில்லை. தோற்றால் திட்டாவது விழுமே, அதுகூட இல்லை. திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் அப்போதுதான் என்மேலிருந்து கண்ணை எடுத்து டி.வி.யைப் பார்த்தார்கள்.

"என்னாச்சு? போட்டானா?" என்றார் அவர்.

"நீ எந்திரிப்பேன்னு உன்னயே பாத்துக்கிட்டு இருந்தேன்மா. யார்மா அடிச்சா?" என்றாள் மகள்.

"நானும் தங்கச்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார் அண்ணன். "பந்து இன்னா ஆச்சும்மா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ரீப்ளே வரும், பாத்துக்கோங்க" என்றேன்.

அடுப்படியிலிருந்து புகை ஹால் வரைக்கும் வந்துவிட்டது. அவர் கரண்டியை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அடுப்படி இன்னும் அவர் சார்ஜில்தான் இருந்தது.